மதகுக்கு உரிமை, முறைக்கு இல்லை

பெங்களூரில் ஒரு சிறு நிறுவனம் பாசனக் கருவி ஒன்றை வடிவமைத்துக் காப்புரிமை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் மறுக்கப்படுகிறது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய நினைத்தால், கப்பன் பூங்காவை ஒட்டிய சிவப்புக் கட்டடத்தில் இருக்கும் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் படியேறிப் பயனில்லை. சென்னைக்குத்தான் வர வேண்டும். காரணம் எளியது. இந்தியாவில் காப்புரிமை அலுவலகம் கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை என்ற 4 ஊர்களில் மட்டுமே இருக்கிறது. கர்நாடகம் உட்பட 5 தென்மாநிலங்களும் புதுச்சேரியும் லட்சத்தீவும் கிண்டியில் உள்ள சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன. விண்ணப்பம் எந்த அலுவலகத்தைச் சேர்ந்ததோ, அந்த அலுவலகம் இருக்கும் ஊரின் உயர் நீதிமன்றமே மேல்முறையீட்டைக் கேட்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022 நவம்பரில் டாக்டர் ரெட்டீஸ் வழக்கில் சொன்னது. ஆகவே கோலார் தக்காளித் தோட்டத்துக்காக எலகங்காவில் வடிவமைத்த வால்வின் தலைவிதி சென்னை உயர் நீதிமன்றம் இருக்கும் பாரிமுனையில் தீர்மானமாகிறது.

இது பழைய ஏற்பாடுதான், கொஞ்சம் சுற்றி மறுபடி அதே இடத்துக்கு வந்திருக்கிறது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்தபோது மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போனது. 2003இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அமைந்தது. முதலில் வணிகச் சின்ன வழக்குகள் மட்டும்; 2007 ஏப்ரலிலிருந்து காப்புரிமை வழக்குகளும். தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இயங்கிய அந்த வாரியத்தை வெளியே அதிகம் பேர் அறிந்ததில்லை. ஆனால் உலகமே பேசிய ஒரு தீர்ப்பு அங்கிருந்து வந்தது: புற்றுநோய் மருந்து ஒன்றைக் காப்புரிமையாளரின் சம்மதமின்றித் தயாரிக்க நாட்கோ நிறுவனம் பெற்ற கட்டாய உரிமத்தை 2013 மார்ச்சில் அது உறுதிசெய்தது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவராக இலக்கிய வாசகர்கள் அவரை அறிவார்கள். வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளில் குறை இருப்பதாக 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் சில பிரிவுகளைச் செல்லாதாக்கியது. நாற்காலிகள் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தன, வழக்குகள் தேங்கின. 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டம் வாரியத்தையே கலைத்தது. கோப்புகள் உயர் நீதிமன்றங்களுக்குத் திரும்பின. சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமை வழக்குகளுக்கெனத் தனிப் பிரிவு 2023இல் தொடங்கியது.

இனி விஷயத்துக்கு வருவோம். பாசன வடிவமைப்பு ஒன்று மேல்முறையீட்டுக்குப் போனால் அங்கே என்ன வாதிக்கப்படும்? எவ்வளவு தண்ணீர் மிச்சமாகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. 40 சதவீதம் மிச்சம் என்று எழுதினாலும் 60 சதவீதம் என்று எழுதினாலும் சட்டத்தின் கண்ணில் அது இரண்டாம்பட்சம். கேட்கப்படுவது வேறு: நீங்கள் உரிமை கேட்பது ஒரு பொருளுக்கா, அல்லது உழவர் வயலில் செய்யும் ஒரு செயலுக்கா? காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகா என்று பட்டியலிடுகிறது. அதன் எச் உட்பிரிவு மிகச் சுருக்கமானது: வேளாண்மை அல்லது தோட்டக்கலையின் ஒரு முறை. அவ்வளவுதான். விளக்கமும் இல்லை, விதிவிலக்கும் இல்லை. இந்த ஒற்றை வரியின் எல்லை எங்கே முடிகிறது என்பதே பாசனக் காப்புரிமைகளின் மையச் சிக்கல். அந்த எல்லையைக் கருவிக்கும் உழவர் செயலுக்கும் இடையே போட வேண்டும், அதைப் போடுவதற்குத் தேவையான காரணங்களை ஆணையிலேயே எழுத வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அந்த எல்லை எங்கே விழுகிறது என்பதைக் காட்ட, பெங்களூருக்கு அருகே முத்தேனஹள்ளியில் பிறந்த ஒரு பொறியாளரின் வாழ்க்கையே போதும். மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா மைசூர் திவானாகும் முன்பு பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார். அங்கே அவர் பாசனத்துக்கு இரண்டு புதுமைகளைத் தந்தார். ஒன்று, தானியங்கி வெள்ளக் கதவுகள். நீர்த்தேக்கத்தில் நீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால் ஆள் துணை இல்லாமல் தானே திறந்து, மட்டம் இறங்கியதும் தானே மூடிக்கொள்ளும் கதவு. அணையின் சுவரை உயர்த்தாமலே கூடுதல் நீரைத் தேக்கிவைக்க அது வழிசெய்தது. 1903இல் புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் அவை பொருத்தப்பட்டன. பின்னர் குவாலியரின் திக்ரா அணைக்கும் கிருஷ்ணராஜ சாகருக்கும் வந்தன. இந்தக் கதவுக்கு அவர் காப்புரிமை பெற்றார். அரசு ஊழியராக இருந்தபோது வடிவமைத்தது என்று சொல்லி உரிமைத்தொகையை மறுத்துவிட்டார்.

மற்றது நீரா கால்வாயில் 1899 தொடங்கி அவர் முன்வைத்த தொகுதிப் பாசனம். கால்வாய் நீரை ஊர் முழுக்கச் சிதறவிடாமல், குறிப்பிட்ட நிலத் தொகுதிகளுக்கு மட்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, பயிர்ச் சுழற்சியோடு சேர்த்துக் கொடுப்பது. கரும்புக்கு இவ்வளவு நிலம், மற்றப் பயிருக்கு இவ்வளவு என்ற கட்டுப்பாடும் அதில் உண்டு. கரும்பு விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர் ஊர்களுக்குப் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தார். பொறியியலாகப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு அறிவுழைப்பு. சேமித்த நீரைக் கணக்கிட்டால் இரண்டாவது இன்னும் பெரிது என்றுகூட வாதிக்கலாம். ஆனால் இன்றைய சட்டத்தின் முன் இரண்டையும் வைத்தால் கதவு உள்ளே போகும், தொகுதிப் பாசனம் வாசலிலேயே நின்றுவிடும்.

அது நியாயமா? நியாயம்தான். பழைய மைசூர் ஏரிகளில் நீருகண்டி என்றொருவர் இருந்தார். தமிழகத்தில் அவரை நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்போம். எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடைக்கு நீர் போய்ச் சேரும்வரை தலைமடைக்காரரை எப்படிப் பொறுக்கச் சொல்வது, வறட்சி ஆண்டில் எத்தனை பங்கு நிலத்துக்கு மட்டும் நீர் கொடுப்பது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. அது முழுக்க முழுக்க ஒரு முறை. ஒருவர் அதற்கு 20 ஆண்டுத் தனியுரிமை பெற்றிருந்தால் அடுத்த ஊர் ஏரி என்ன ஆகியிருக்கும்? முறைக்குக் காப்புரிமை கொடுத்தால், அதை மீறுபவர் போட்டி நிறுவனமாக இருக்க மாட்டார். வயலில் நீர் பாய்ச்சும் உழவரே மீறுபவராகிவிடுவார். செய்முறைக் காப்புரிமையில் அந்தச் செய்முறையைப் பயன்படுத்துவதே மீறல் என்று சட்டத்தின் 48ஆம் பிரிவு சொல்கிறது. கருவிக் காப்புரிமையிலும் பயன்பாடு மீறலுக்குள் வரும்தான்; ஆனால் உரிமையாளர் விற்ற கருவியைக் கடையில் காசு கொடுத்து வாங்கியவரை யாரும் கேட்க முடியாது. சண்டை தயாரிப்பாளர்களுக்கு இடையில் நின்றுவிடும். எச் உட்பிரிவுக்கு நான் காணும் மிக வலுவான காரணம் இதுதான்.

சட்டத்தின் வேர் இன்னும் பின்னால் போகிறது. பழைய ஆங்கிலேயச் சட்ட மரபில் காப்புரிமை என்பது உற்பத்திக்கு மட்டும் உரியது. வயலும் தோட்டமும் அதற்கு வெளியே. இந்தியா விடுதலைக்குப் பின் தன் சட்டத்தைத் திருத்த முனைந்தபோது அந்தப் பொறுப்பு நீதிபதி என். ராஜகோபால ஐயங்காரிடம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து பின்னர் உச்ச நீதிமன்றம் சென்றவர். 1959இல் அவர் அளித்த அறிக்கைதான் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடித்தளம். அதே 1959இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் எதிர்த் திசையில் நடந்தது. பயிர்களுக்கு இடையில் களையை மட்டும் அழிக்கும் ஒரு முறைக்குக் காப்புரிமை தரலாம் என்று அது தீர்ப்பளித்தது. பழைய மரபு அங்கே உடைந்தது. நாம் உடைக்கவில்லை. 1999, 2002, 2005 என மூன்று திருத்தங்கள் வந்து போயின. எச் உட்பிரிவை யாரும் தொடவில்லை. ஆனால் 2002இல் பக்கத்து உட்பிரிவில் ஒரு சொல் நீக்கப்பட்டது. நோய் நீக்கும் சிகிச்சை முறைகளுக்குக் காப்புரிமை இல்லை என்ற ஐ உட்பிரிவில் மனிதர், விலங்கு ஆகியவற்றோடு தாவரமும் இருந்தது. தாவரத்தை மட்டும் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. அப்படியானால் எச் உட்பிரிவும் அந்த அளவுக்குச் சுருங்குகிறது என்பது விண்ணப்பதாரர் தரப்பின் வழக்கமான வாதம். பூச்சிமருந்துக்கு இது பொருந்தலாம். தண்ணீருக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். நீர் பாய்ச்சுவது சிகிச்சை இல்லை, வேளாண்மையின் முதல் வேலை.

காப்புரிமை அலுவலகத்தின் கையேடு எச் உட்பிரிவுக்குச் சில எடுத்துக்காட்டுகள் தருகிறது. பசுமைக்குடில் போன்று இயற்கைச் சூழலை மாற்றிச் செடி வளர்க்கும் முறை, காளான் வளர்க்கும் முறை, பாசி வளர்க்கும் முறை எல்லாம் ஆகாதவை. பாசனத்தைக் கையேடு தனியாக எடுத்துப் பேசவில்லை. அங்கேதான் குழப்பம் நுழைகிறது. ஏனென்றால் இன்றைய பாசன விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கருவி என்று ஒரு முகமும் முறை என்று ஒரு முகமும் இருக்கும்.

கருவி மட்டும் என்றால் எவ்வளவு தெளிவாக இருக்கும் என்பதற்குச் சொட்டுநீர் எமிட்டரைப் பார்க்கலாம். இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் தன் மகனோடு உருவாக்கி, 1965இல் ஹட்செரிம் கிப்புட்ஸ் என்ற கூட்டுப்பண்ணையுடன் ஒப்பந்தம் போட்ட சாதனத்திலிருந்து நெடாபிம் நிறுவனம் பிறந்தது. 16 மில்லிமீட்டர் லேட்டரல் குழாயில் விரல்நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு; அதிலிருந்து மணிக்கு 2 அல்லது 4 லிட்டர் நீர் சொட்டும். சூட்சுமம் உள்ளே இருக்கும் பாதையில் இருக்கிறது. நீர் நேரான நீண்ட நுண்பாதையில் அமைதியாக ஓடினால், அழுத்தம் 2 மடங்காகும்போது வெளியேறும் நீரும் 2 மடங்காகும். பாதையைப் பல்பல்லாக வளைத்து நீரைச் சுழலவைத்தால் அதே அழுத்த உயர்வுக்கு நீர் 1.4 மடங்குதான் ஏறும். உள்ளே ஒரு மெல்லிய ரப்பர்ச் சவ்வை வைத்து, அழுத்தம் கூடும்போது அது வழியைக் குறுக்குமாறு செய்தால், ஒரு வரம்புக்குள் நீர் ஏறத்தாழ மாறவே மாறாது. நந்தி மலைச் சரிவுகளை ஒட்டிய சிக்கபள்ளாப்பூர் திராட்சைத் தோட்டத்தில் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் 10 மீட்டர் உயர வேறுபாடு இருந்தால், கீழே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கூடுதல். சாதாரண எமிட்டர் போட்டால் கீழ்க்கொடி அழுகும், மேல்கொடி வாடும். ஆகவே அந்தச் சவ்வின் வடிவத்துக்கும் பள்ளத்தின் கோணத்துக்கும் உரிமை கேட்பது நியாயமான கோரிக்கை. எச் உட்பிரிவு அதன் பக்கம் திரும்பவே முடியாது. வயலில் யார் எப்போது திறந்தாலும் அந்தத் துண்டு தன் வேலையைச் செய்யும்.

கருவியின் எல்லை எவ்வளவு குறுகலாக அளக்கப்படும் என்பதற்கு, நான் படித்தவற்றில் மிகச் சிறந்த பாசன வழக்கு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து வருகிறது. வால்மான்ட் எதிர் ரைன்கி. மேல்முறையீட்டுத் தீர்ப்பு 1993. பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். பிராங்க் ஸைபாக் என்ற உழவர் மைய அச்சுப் பாசனத்தைக் கண்டுபிடித்து 1952இல் காப்புரிமை பெற்றார். வயலின் நடுவில் ஓர் அச்சு. அதிலிருந்து கால் மைல் நீளக் குழாய், சக்கரக் கோபுரங்கள் மீது நின்று, கடிகார முள்போல வயலைச் சுற்றிவந்து நீர் தூவும். 1954இல் உரிமையை ராபர்ட் டாகர்ட்டி வாங்கினார். அவருடைய நிறுவனமே பின்னாளில் வால்மான்ட் ஆனது. விமானத்திலிருந்து பார்த்தால் அமெரிக்கச் சமவெளியில் தெரியும் பச்சை வட்டங்கள் எல்லாம் இதன் கைவண்ணம்.

வட்டம்தான் சிக்கல். அங்கே நிலம் 160 ஏக்கர் சதுரங்களாக அளக்கப்பட்டது. சதுரத்துக்குள் வரையும் வட்டம் ஏறத்தாழ 126 ஏக்கரை மட்டுமே நனைக்கும். மூலைக்கு எட்டரை ஏக்கர் வீதம் 34 ஏக்கர் காய்ந்து கிடக்கும். இதற்குத் தீர்வாக முக்கியக் கையின் நுனியில் இன்னொரு கை: மூலை வரும்போது நீளும், மூலை கடந்ததும் மடங்கும். அந்த இரண்டாம் கையை யார், எப்படி வழிநடத்துவது என்பதில்தான் வழக்கு வெடித்தது. வால்மான்ட்டின் காப்புரிமையில், முக்கியக் கை வயலில் எந்தக் கோணத்தில் இருக்கிறது, நீட்டுக் கை அதோடு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைத் திருப்பும். போட்டி நிறுவனமான ரைன்கியின் இயந்திரம் கோணம் பார்க்கவில்லை. மண்ணுக்கடியில் ஒரு கேபிளைப் புதைத்து, அது வெளிவிடும் மின்காந்த சமிக்ஞையைப் பின்தொடர்ந்து போனது.

மூலையில் நீர் விழுகிறது; இரண்டிலும் பலன் ஒன்றுதான். நெப்ராஸ்கா மாவட்ட நீதிமன்றம் ரைன்கி மீறியதாகச் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ராண்டல் ரேடரும் நெப்ராஸ்காவில் பிறந்தவர் என்பது ஒரு சுவையான தற்செயல். தீர்ப்பின் சாரம் இது: ஒரு பாகத்துக்கு உருவம் சொல்லாமல், அது செய்யும் வேலையை மட்டும் சொல்லி உரிமை கேட்டால், உங்கள் விண்ணப்பத்தின் விவரணையில் நீங்கள் காட்டிய அமைப்பும் அதற்குச் சமமான அமைப்பும் மட்டுமே உங்களுடையவை. கோணம் ஒப்பிடும் அமைப்பும் புதைத்த கேபிளைத் தொடரும் அமைப்பும் சமமல்ல. ஒரே ஊருக்குப் போகும் இரண்டு சாலைகளில் ஒன்றுக்குச் சுங்கம் வசூலிக்கலாம்; ஊருக்கே வசூலிக்க முடியாது. அமெரிக்கக் காப்புரிமை வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள், அவர்களில் பலர் சோளக்கொல்லைக்குள் கால் வைத்திருக்க மாட்டார்கள்.

இந்தியாவில் இந்த வழக்கு நேரடியாகச் செல்லுபடியாகாது. அது மீறல் வழக்கு. நாம் பேசுவது மறுப்பின் மீதான மேல்முறையீடு. ஆனாலும் அதிலிருந்து தெரிவது ஒன்று உண்டு. மூலைக்கு நீர் போக வேண்டும் என்ற எண்ணத்தை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை, கொண்டாட விடப்படவும் இல்லை. விளைவாக உழவருக்கு இரண்டு வகை இயந்திரம் கிடைத்தது.

பெங்களூருக்குத் திரும்பலாம். இங்கே இப்போது உருவாகும் பாசன வடிவமைப்புகள் எமிட்டர் வகையைச் சேர்ந்தவை அல்ல. மண் ஈரம் அளக்கும் சென்சார், வானிலைத் தரவு, கைப்பேசிச் செயலி, தானே திறக்கும் சோலனாய்டு வால்வு ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய அமைப்புகள். அவற்றின் முதல் சவால், வயலில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது. கோலார் மாவட்டத்து மோட்டார் கொட்டகை ஒன்றைத் திறந்து பார்த்தால் சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி, அதன் பக்கத்தில் சின்னதாக ஓர் ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் முறைவைத்து வருகிறது, பல நேரம் நடுராத்திரியில். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அந்தச் சில மணி நேரத்தில் எடுத்தால்தான் உண்டு. விடிய விடிய விழித்திருக்க முடியாத உழவர், மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும்படி செய்துவைத்திருக்கிறார். கைப்பேசியில் ஒரு அழைப்பு கொடுத்து மோட்டாரைப் போடும் பெட்டியும் கடைகளில் விற்பனைக்கு வந்து ஆண்டுகள் ஆயின. காப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் இவை எல்லாம் முன்பே அறிந்தவை. வயலில் பகிரங்கமாகப் பயன்பட்டதற்கும் அச்சில் வந்த ஆய்வுக் கட்டுரைக்கும் சட்டம் வேறுபாடு பார்ப்பதில்லை.

இதன்மேல் சென்சாரையும் வால்வையும் பொருத்தினால் கண்டுபிடிப்பு ஆகிவிடுமா? 3ஆம் பிரிவின் எஃப் உட்பிரிவு இங்கே குறுக்கே வரும். அறிந்த கருவிகளை அடுக்கிவைத்து, ஒவ்வொன்றும் தனித்தனியே தன் பழைய வேலையையே செய்துகொண்டிருந்தால் அது கண்டுபிடிப்பு அன்று. உச்ச நீதிமன்றம் 1978இல் பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் இதைத்தான் அழுத்திச் சொன்னது. அது மிர்சாப்பூர் பாத்திரத் தொழிலில் லேத்தில் பாத்திரத்தைப் பிடித்துக் கடையும் ஒரு கருவி பற்றிய வழக்கு. பட்டறையில் செய்யும் சாதாரண மேம்பாட்டைவிடக் கூடுதலாக ஏதாவது வேண்டும் என்று கூறி அந்தக் காப்புரிமையை நீதிமன்றம் ரத்து செய்தது. நுட்பமான பாசன அமைப்புகளுக்கும் அதே அளவுகோல்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு வைக்கிறேன். மின்சாரம் இன்று 3 மணி நேரம்தான் வரும். தோட்டம் 6 பாத்திகளாகப் பிரிந்திருக்கிறது. கிணறு 40 நிமிடத்தில் வற்றி, பிறகு ஊறும். ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைப் பார்த்தே நீர்மட்டம் இறங்குவதை உணர்ந்து, ஈரம் குறைந்த பாத்தியின் வால்வை முதலில் திறந்து, கிணறு ஊறும் இடைவெளியில் மோட்டாரை நிறுத்தி, மறுபடி ஓட்டுகிறது. இங்கே மோட்டார், சென்சார், வால்வு மூன்றும் ஒன்றின் நிலையைப் பொறுத்து மற்றொன்று மாறுகின்றன. தனித்தனியே இயங்கவில்லை. எஃப் உட்பிரிவைத் தாண்டலாம். ஆனால் இதையே விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது? பாத்திகளுக்கு நீர் பாய்ச்சும் ஒரு முறை என்று தொடங்கினால் எச் உட்பிரிவு பிடிக்கும். தரவுகளைப் பெற்று வரிசையைக் கணக்கிடும் ஒரு நிரல் என்று தொடங்கினால் கே உட்பிரிவு பிடிக்கும். கணினி நிரலுக்கும் கணக்கீட்டு வழிமுறைக்கும் அங்கே தடை. வெறும் நிரலாக இல்லாமல் தொழில்நுட்ப விளைவு இருந்தால் தடையில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019இல் ஃபெரித் அலானி வழக்கில் சொல்லியிருப்பது கொஞ்சம் ஆறுதல். மின்னோட்ட உணரியும் வால்வுகளும் இணைந்த ஒரு கட்டுப்பாட்டுச் சாதனம் என்று தொடங்கினால்தான் வழி உண்டு.

இது வெறும் சொல்லடுக்கு வேலை என்று சிலர் கேலி செய்வார்கள். சாதனம் என்று எழுதினால் கிடைக்கும், முறை என்று எழுதினால் கிடைக்காது என்றால் சட்டம் ஏமாற்றப்படுகிறதே என்பார்கள். அந்தக் கேலியில் பாதி உண்மை இருக்கிறது. சாதனம் என்ற பெயரில் முறையை ஒளித்துக்கொண்டு வரும் விண்ணப்பங்கள் உண்டு. ஆனால் மீதிப் பாதியைப் பாருங்கள். சாதனம் என்று எழுதியவருக்கு அந்தப் பெட்டியின்மீது மட்டுமே உரிமை. அதே வரிசையை ஒரு நீருகண்டி கையால் வால்வைத் திருகிச் செய்தால் அவரை யாரும் தடுக்க முடியாது. முறை என்று எழுதி வாங்கியிருந்தால் தடுக்கலாம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் காகிதத்தில் ஒரு வரி. வயலில் அது பெரிய தூரம்.

மேல்முறையீட்டில் உண்மையில் நடப்பது என்ன? பெரும்பாலும் உயர் நீதிமன்றம் தானே காப்புரிமையைத் தந்துவிடுவதில்லை. மறுப்பு ஆணையில் காரணம் போதவில்லை என்றால் அதை ரத்து செய்து, மறுபடி பரிசீலிக்கச் சொல்லி அலுவலகத்துக்கே திருப்பி அனுப்புகிறது. வேறோர் அதிகாரி பார்க்கட்டும் என்றும் பல சமயம் சொல்கிறது. 2022 மார்ச்சில் அக்ரிபோர்ட் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கொரு அளவுகோலைத் தெளிவாக வைத்தது. கண்டுபிடிப்புப் படி, அதாவது எளிதில் ஊகிக்க முடியாத முன்னேற்றம், இல்லை என்று மறுக்க வேண்டுமானால், முன்பே அறிந்தது எது, விண்ணப்பம் சொல்வது எது, முன்னதிலிருந்து பின்னதற்குத் துறையறிந்த ஒருவர் எப்படி எளிதாக வந்துசேர்வார் என்ற மூன்றையும் ஆணையில் எழுத வேண்டும். மேற்கோள் ஆவணங்களின் எண்களை அடுக்கிவிட்டு, ஆகவே மறுக்கப்படுகிறது என்று முடித்தால் போதாது.

எச் உட்பிரிவுக்கும் இதே ஒழுங்கு வேண்டும் என்கிறேன். விண்ணப்பத்தில் வயல், பயிர், நீர் என்ற சொற்கள் வந்த உடனேயே வேளாண் முறை என்று முத்திரை குத்தும் ஆணை நிற்கக் கூடாது. உரிமைக்கோரலின் எந்தப் பகுதி உழவர் செய்யும் செயல், எந்தப் பகுதி சாதனத்தின் செயல் என்று பிரித்துக் காட்ட வேண்டும். பிரித்த பிறகு உழவரின் செயல்தான் மிஞ்சுகிறது என்றால் மறுக்கட்டும், யாரும் குறை சொல்லப் போவதில்லை. சாதனம் மிஞ்சினால் அடுத்த கேள்விக்கு, அதாவது அது புதியதா, எளிதில் ஊகிக்கக்கூடியதா என்பதற்குப் போகட்டும். விஸ்வேஸ்வரய்யாவின் கதவையும் தொகுதிப் பாசனத்தையும் ஒரே விண்ணப்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தால்கூட, இப்படிப் பிரித்துக் கதவுக்கு மட்டும் உரிமை தந்திருக்கலாம்.

ஊர்ப் பிரச்சினை ஒன்று மிச்சமிருக்கிறது. மறுப்பின் மீதான மேல்முறையீடு சென்னையில் என்று பார்த்தோம். ஆனால் காப்புரிமை கிடைத்த பிறகு பெங்களூரில் ஒருவர் அதை மீறினால் வழக்கு அங்கேயே உரிமையியல் நீதிமன்றத்தில் தொடங்கும். எதிர்த்தரப்பு அந்தக் காப்புரிமையே செல்லாது என்று எதிர்க்கோரிக்கை வைத்தால், சட்டத்தின் 104ஆம் பிரிவுப்படி வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு மாறும். ஒரே வகைக் கருவி. எச் உட்பிரிவுக்குச் சென்னையில் ஒரு பொருளும் பெங்களூரில் ஒரு பொருளும் உருவாகிவிடும் வாய்ப்பு இருக்கிறது. இரண்டு ஊரும் ஒரே காவிரியைப் பற்றி எவ்வளவு காலம் வாதாடின என்பதை நினைத்தால், இந்த விஷயத்திலாவது முன்கூட்டியே ஒத்துப்போவது நல்லது. காப்புரிமை அலுவலகம் தன் கையேட்டில் பாசன அமைப்புகளுக்கென்று 2 பக்கம் சேர்த்தாலே குழப்பத்தில் பெரும்பகுதி தீரும். கிண்டி அலுவலகமே அதற்கு முதல் வரைவை எழுதலாம். கோவைப் பம்புசெட்டும் கர்நாடகத்துச் சொட்டுநீரும் அதன் எல்லைக்குள்தானே வருகின்றன.

இக்கட்டுரையைப் படிப்பவர்களில் யாராவது பட்டறையிலோ தோட்டத்திலோ ஒரு பாசனக் கருவியைச் செய்துகொண்டிருந்தால் அவர்களுக்குச் சில செய்திகள். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிகேவிகே வளாகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் கிருஷி மேளாவில் கருவியைக் காட்சிக்கு வைக்கும் ஆசை இருந்தால், விண்ணப்பத்தை முதலில் போட்டுவிடுங்கள். முன்பே காட்டினால் புதுமை போய்விடும். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டுமே 12 மாதச் சலுகை உண்டு. கருவி முழுமையடையவில்லை என்றால் தற்காலிக விவரணை போதும். முழு விவரணைக்கு 12 மாதம் அவகாசம். தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். அந்த 12 மாதத்தில், உங்கள் கருவி அந்த வேலையைச் செய்ய வேறென்ன வழிகள் உண்டோ அத்தனையையும் விவரணையில் எழுதிச் சேர்த்துவிடுங்கள். வால்மான்ட்டின் விவரணையில் புதைத்த கேபிள் இல்லாமல் போனதுதான் ரைன்கிக்கு வாய்ப்பாக அமைந்தது. மறுப்பு ஆணை வந்தால் மேல்முறையீட்டுக்கு ஆணையின் தேதியிலிருந்து 3 மாதம்.